பையன்கள் அணியில் ஆடப்போகும் பெண்பிள்ளைகளுக்கு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் விடியுமுன்னே கிரிக்கெட் ஆட மட்டையும் பந்துமாக மைதானத்துக்கு வரும் பிள்ளைகளே, விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற கிழவி சொல்கிறேன், கேளுங்கள்.

1. "எனக்கும் ஓர் இடம் கொடுங்கள்" என்று போய் நிற்காதே. அந்த அணியில் எது குறைகிறதோ அதைக் கற்றுக்கொண்டு போ. அமெரிக்காவில் ஐலா பார்டர்ஸ் 1997-இல் செயின்ட் பால் செயின்ட்ஸ் என்ற ஆண்கள் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். ஆண்களின் வேகம் அவரிடம் கிடையாது. இடக்கையால் நினைத்த இடத்தில் பந்தை வைப்பார், அவ்வளவுதான். பிறகு டுலூத் அணிக்கு மாறி, 1998 ஜூலை 24 அன்று ஆறு இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார்.

2. வேகத்தில் மல்லுக்கு நிற்காதே. ஜப்பானின் எரி யோஷிதா 155 சென்டிமீட்டர் உயரம்தான். 2008-இல், 16 வயதில், ஆண்கள் பேஸ்பால் லீக் அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. காரணம், அவர் எறிந்த நக்கிள் பந்து. விரல்நுனியால் பிடித்துச் சுழலாமல் விடுவது அது. சுழற்சி இல்லாததால் தையலில் காற்று மோதி, பந்து எந்தப் பக்கம் ஆடும் என்று மட்டையாளருக்குப் பிடிபடாது. நமக்கும் காற்று இருக்கிறது, தாயி. ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு எதிராக ஸ்பின்னைத் தூக்கிப் போட்டுப் பழகு. மட்டையாளர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே பந்து விழும். பையன்கள் காற்றுக்கு முதுகு காட்டும் முனையைத்தான் கேட்பார்கள். மற்ற முனையை நீ எடுத்துக்கொள்.

3. வேடிக்கைக்கு நிற்காதே. அமெரிக்காவில் டோனி ஸ்டோன் என்ற பெண் 1953-இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற ஆண்கள் பேஸ்பால் அணியில் இரண்டாம் பேஸில் ஆடினார். கூட்டம் சேர்க்கப் பாவாடை கட்டி ஆடச் சொன்னார்கள், முடியாது என்றுவிட்டார். உன் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு டோர்னமெண்டுக்குக் கூப்பிட்டால், எத்தனை ஓவர் தருவீர்கள், எத்தனாவதாக இறங்குவேன் என்று முதலிலேயே கேள். பதில் வராவிட்டால் போகாதே.

4. உடை மாற்ற அறை, கழிப்பறை, வீடு திரும்ப பஸ். கேட்க வெட்கம் வேண்டாம்.

5. தோள் வலித்தால் அன்றைக்கே சொல்.

6. வாசல் மூடியிருந்தால் திரும்பத் திரும்பத் தட்டு. சென்னையைச் சேர்ந்த என். ஜனனி கிரிக்கெட் நடுவராக வேண்டும் என்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்திடம் ஒருமுறைக்கு மேல் கேட்டார். பெண்களுக்கு வழி திறக்கச் சில வருடமானது. 2018-இல் பிசிசிஐ நடுவர் தேர்வில் தேறி, மென்பொருள் வேலையை விட்டார். 2021-இல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டத்தில் நடுவரானார். 2023 ஜனவரியில் விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன், ஜனனி மூவரும் ஆண்கள் ரஞ்சிக் கோப்பையில் நடுவராக நின்றார்கள். பெண்கள் அங்கே நடுவராக நின்றது அதுவே முதல்முறை. ஆட மட்டும்தான் மைதானம் என்று நினைத்துவிடாதே என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

7. நீ எடுத்த விக்கெட்டை "அவன் விட்டுக்கொடுத்தான்" என்பார்கள். 1931-இல் 17 வயதுப் பெண் ஜாக்கி மிட்செல், பேஸ்பால் ஜாம்பவான்களான பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து அவுட் ஆக்கினார். அது நாடகமா நிஜமா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். நீ வாதாடாதே. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் நோட்டில் உன் ஓவர், ரன், விக்கெட் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு.