நாய் ஜாதி விருத்தியில் வேற்று வம்சக் கலப்பு

அறுவடைக்குப் பின் வயல்களில் ஆட்டுக்கிடை மறிக்கும் காலத்தில் இரவுக் காவலுக்கு நல்ல நாய் எவ்வளவு அவசியம் என்பதைக் குடுமியான்மலை வட்டாரத்துக் குடியானவர் யாவரும் அறிவர். விதை வாங்கும்போது அதன் தூய்மையையும், காளை பிடிக்கும்போது அதன் வம்சத்தையும் விசாரிக்கும் அவர்களே, நாயின் விஷயத்தில் மாத்திரம் அகப்பட்ட கடுவனை வீட்டிலுள்ள பெட்டையோடு சேர விட்டுவிடுகிறார்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டு உயர்ந்த ஜாதிகள் பல இடங்களில் உடற்கட்டுக் குன்றி வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தீங்கு விளையும் விதம்

ஒருவர் ஒரே ஈற்றில் பிறந்த இராஜபாளையம் கடுவனையும் பெட்டையையும் வாங்கி வந்து, அவற்றையே இணை சேர்க்கிறார் என்று கொள்வோம். பிறக்கும் குட்டி ஒவ்வொன்றிலும், ஒரு குணத்திற்குரிய இரண்டு மரபுக்கூறுகளும் ஒரே முன்னோரின் ஒரே கூறாக அமைவதற்கு நூற்றுக்கு 25 பங்கு வாய்ப்பு உண்டு. அக்குட்டிகளையே மறுபடியும் தமக்குள் சேர்த்தால் அது 37½ ஆகும்; மூன்றாம் முறை 50 ஆகும். அதுவரை மறைந்திருந்த குறைகள் இதனால் வெளிப்படுகின்றன. குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது, மார்பு ஒடுங்குகிறது, பின்கால் முட்டிகள் உட்புறம் சாய்கின்றன, தாடைகள் பொருந்தாமற் போகின்றன. செம்மறிக் கிடாவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று கீதாரிகள் சொல்வதற்கும் காரணம் இதுவே.

வேற்று வம்சம் வேறு, வேற்று ஜாதி வேறு

இக்குறையை நீக்க அந்நிய ஜாதி நாயைக் கலப்பதே வழி என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. அயர்லாந்து தேசத்து ஓநாய் வேட்டை நாய் அற்றுப்போகும் நிலையில் இருந்தபோது, கேப்டன் ஜார்ஜ் கிரகாம் என்பவர் 1860-களில் தொடங்கி, எஞ்சியிருந்த நாய்களோடு ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயையும் கிரேட் டேன் நாயையும் கலந்து அதனை மீட்டார். அவ்வாறு செய்ய அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகம் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. ஆதலால் அதே ஜாதியில், நான்கைந்து தலைமுறை வரை உறவில்லாத வேறொரு வம்சத்தைத் தேடிக் கலப்பதே தக்கது. உறவற்ற கடுவனைச் சேர்த்தால், தாய் எவ்வளவு நெருங்கிய கலப்பில் பிறந்ததாயினும், அவ்வீற்றுக் குட்டிகளில் மேற்சொன்ன 50 பங்கு ஒரே தலைமுறையில் நீங்கிவிடும்.

முதலில் அறியவேண்டியது

வளைந்த கால் யாவும் வம்சக் குறையல்ல. பிறந்தபோது நேராயிருந்த கால்கள் மூன்று நான்கு மாதங்களில் வளையுமாயின், அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் டி உயிர்ச்சத்தும் போதாமையால் வரும் எலும்பு மெலிவே. வெறும் சோறும் கஞ்சியும் தின்று வளரும் குட்டிகளுக்கு இது நேரும். தீனிக் குறையால் வந்ததைக் கலப்பினால் திருத்த முடியாது. ஆகையால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தெளிதல் வேண்டும்.

கடுவனைத் தெரிந்தெடுத்தல்

பெட்டையைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் பார்த்து, அதன் குறைகளைத் தாளில் எழுதுக. பின்பு கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க:

1. பெட்டையிடம் உள்ள குறை கடுவனிடம் இருத்தல் கூடாது.

2. ஒரு குறையை அதற்கு எதிரான குறையால் திருத்த முயலலாகாது. குழிந்த முதுகுள்ள பெட்டைக்குக் கூன்முதுகுக் கடுவனைச் சேர்த்தால் நேர்முதுகு வந்துவிடாது. இரண்டு குறைகளும் வம்சத்தில் தங்கிவிடும். நேரான முதுகுள்ள கடுவனே வேண்டும்.

3. கடுவனை மாத்திரம் பார்த்தல் போதாது. அதன் தாய் தந்தையையும், உடன்பிறந்தவற்றையும், முன் ஈன்ற குட்டிகளையும் பார்க்கவேண்டும்.

4. ஒரே முறையில் எல்லாக் குறையையும் நீக்க எண்ணாமல், மிகப் பெரிய குறை ஒன்றை முதலில் நீக்குக.

இரண்டாம் தலைமுறை

முதற் கலப்பில் பிறந்த குட்டிகள் கட்டுடலோடு விளங்குவதைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். குறைகள் மறைந்தனவேயன்றி அழியவில்லை. அக்குட்டிகளையே தமக்குள் சேர்த்தால் அவை திரும்பவும் தலைகாட்டும். ஆகவே அவற்றில் சிறந்ததை மாத்திரம் நிறுத்தி, மூன்றாவது வம்சம் ஒன்றோடு சேர்த்தல் வேண்டும்.

செவிடு

இராஜபாளையம் நாய்களிற் சில பிறவிச் செவிடாக இருத்தல் தெரிந்ததே. வெண்ணிறத்தோடு தொடர்புற்று, உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாமையால் இக்குறை நேருகிறது. செவிட்டு நாய் கிடைக் காவலுக்கு உதவாது. ஆறாவது வாரத்தில் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பின்புறத்தில் அது காணாதபடி கை தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு காது மாத்திரம் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். அதனைக் கருவியால்தான் அறியலாகும். ஆகையால் செவிட்டுக் குட்டிகளை மிகுதியாக ஈன்ற இணையை மறுபடி சேர்த்தலாகாது. செவிட்டுக் குட்டியைக் கொல்லாமல் வீட்டில் வளர்க்கலாம். இனவிருத்திக்கு மாத்திரம் விலக்கவேண்டும்.

கிராமத்தார் செய்யத்தக்கது

தனி ஒருவர் மூன்று வம்சங்களை வைத்துக் காப்பது கடினம். அண்டைக் கிராமங்களில் உள்ள நான்கைந்து குடியானவர்கள் ஆளுக்கொரு வம்சமாக வைத்துக்கொண்டு, கடுவனை முறைவைத்து மாற்றிக்கொண்டால் செலவு குறையும். குட்டிகளின் பிறந்த தேதி, பெற்றோர், கண்ட குறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்தால் பின்வருவோருக்கும் பயன்படும். கிராம அதிகாரிகள் இதனை ஊக்குவித்தல் நலம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பனைக்காக நாய் விருத்தி செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பதையும், 18 மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்த்தல் கூடாது என்பதையும் அவர்கள் எடுத்துரைக்கலாம். நாயை முயல் வேட்டைக்குக் கொண்டுசெல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

நல்ல நாய் தானாக அமைவதில்லை. இணை சேர்க்குமுன் ஒரு நாள் செலவிட்டு வம்சத்தை விசாரிப்பவர், பின்னர்ப் பத்தாண்டுகள் கிடையில் நிம்மதியாக உறங்கலாம்.