பப்பாளிக் குருத்தை இந்த வாரமே பாருங்கள்

மார்கழிப் பனி குறைந்து வெயில் ஏறும் தை மாதம் அசுவினிக்குக் கொண்டாட்டமான காலம். வேங்கிக்கால் சுற்றுவட்டாரத்தில் பப்பாளி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மரத்தின் குருத்தையும் உடனே கவனிக்க வேண்டும். தேடவேண்டியது அசுவினி பரப்பும் வளையப்புள்ளி நச்சுயிரி நோயை.

இளம் இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த தேமல் படரும். இலைக்காம்பிலும் தண்டின் மேற்பகுதியிலும் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சைக் கோடுகள் தெரியும். நோய் முற்றினால் இலை சுருங்கி நாடா போலாகும். காயின் தோலில் வட்டம் வட்டமாக வளையங்கள் விழும். பழத்தைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை, இனிப்புதான் குறையும். ஆனால் மரம் இனித் தேறாது.

பலரும் உடனே மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார்கள். இங்கே அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அசுவினி பப்பாளியில் குடியிருந்து பெருகுவதில்லை. வழிப்போக்கில் வந்து உட்கார்ந்து, ஊசி வாயால் குத்திச் சுவை பார்த்துவிட்டுப் பறந்துவிடும். அந்தச் சில விநாடிகளிலேயே நச்சுயிரி மரத்துக்குள் போய்விடும். மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டையும் காராமணியும் ஏராளம். இவற்றில் பெருகும் கறுப்பு அசுவினியும் இந்த நோயைப் பரப்பக்கூடியது. பயிர் முதிர்ந்து காயத் தொடங்கியதும் இறக்கை முளைத்துப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கிளம்பும். கோடைக்காகத் தர்பூசணி, வெள்ளரி ஊன்ற நினைப்பவர்கள் பப்பாளியை ஒட்டி ஊன்றவே கூடாது. இந்த நோயைப் பரப்பும் பருத்தி அசுவினி அந்தக் கொடிகளிலும் குடும்பம் நடத்தும்.

நோய் கண்ட மரத்தை வெட்டி எரித்துவிடுங்கள். கொல்லையில் காய்த்துத் தொங்கும் ஒற்றை மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வராதுதான். ஆனால் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி வீடுகளும் வயல்களும் அடுத்தடுத்து இருக்கும் இந்த ஊரில், அந்த ஒரு மரம் போதும், பக்கத்துக் காணியில் நிற்கும் கன்றுகள் அத்தனைக்கும் நோயைக் கொடுக்க. நச்சுயிரி மண்ணில் தங்குவதில்லை, விதையிலும் பரவுவதில்லை. வெட்டிய இடம் வீணாகாது.

ஹவாயின் பூனா பகுதியில் 1992இல் இந்த நோய் நுழைந்து, சில ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. 1998இல் மரபணு மாற்றிய ‘ரெயின்போ’ ரகம் வந்த பிறகே அங்கே சாகுபடி மீண்டது. நம் விவசாயிகளிடம் அந்த ரகம் இல்லை. நமக்குத் தடுப்புதான் வழி.

ஆனி, ஆடியில் நடவு செய்ய நினைப்பவர்கள் சித்திரையிலேயே பூச்சி புகாத நைலான் வலைக்குள் நாற்று விடலாம். நடவுக்கு ஒரு மாதம் முன்பு வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதையுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் சோளத்தைக் குத்தும். வாயில் ஒட்டிய நச்சுயிரி அங்கேயே கழிந்துவிடும். நட்ட நான்காம் மாதமும் எட்டாம் மாதமும் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 1 கிராம் போரிக் அமிலம் கலந்து தெளித்தால் மரம் திடமாக நிற்கும். நோய்தானா என்ற சந்தேகம் இருந்தால், காம்போடு ஓர் இலையை எடுத்துக்கொண்டு வாழவச்சனூர் வேளாண் கல்லூரியில் காட்டிக் கேட்கலாம்.