சேற்றைக் கடந்த நீராவி எந்திரம்

நுழையும்முன்

போரின் வரலாற்றைப் படைத்தலைவர்களின் பெயர்கள் மட்டுமே உரைப்பதில்லை. வீரர்களுக்கு உணவும் மருந்தும் தளவாடமும் சுமந்து சென்ற எந்திரங்களும் அவ்வரலாற்றுக்குச் சான்றுகளாகும். அத்தகைய சான்று ஒன்றை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

தேவையும் பிறப்பும்

முதல் உலகப்போரின் மேற்குப் போர்முனையில் இடைவிடாத பீரங்கித் தாக்குதலும் மழையும் சாலைகளைச் சேற்றுக்குழிகளாக்கின. குதிரை வண்டிகளும் சரக்குந்துகளும் புதைந்து நின்றன. 60 சென்டிமீட்டர் அகலமே உடைய சிறு தண்டவாளங்களை விரைந்து பதிப்பது இதற்குத் தீர்வாயிற்று. பிரிட்டனின் தொழிற்சாலைகள் ஏற்கெனவே போர்ப்பணிகளில் மூழ்கியிருந்தமையால், அந்நாட்டுப் போர்த்துறை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த பால்டுவின் நிறுவனத்தை நாடியது. 1916, 1917 ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனம் ஒரே வகையைச் சேர்ந்த 495 எந்திரங்களைச் செய்து அளித்தது. அவற்றுள் ஒன்றே 778 என்னும் எண்ணுடைய எந்திரம்.

நிறையும் குறையும்

ஏறத்தாழ 14 டன் எடையுள்ள இவ்வெந்திரங்களில், கொதிகலனின் இருபுறமும் நீர்த்தொட்டிகள் உயரத்தில் அமைந்திருந்தன. அதனால் மேற்பாரம் மிகுந்து, சமனற்ற பாதையில் அடிக்கடி தடம்புரண்டன. ஆயினும், அவசரத்தில் உருவான அவை அரும்பணி ஆற்றின. செல்லும்போது எறிகணைகளையும் உணவையும் சுமந்தன. திரும்பும்போது காயமுற்ற வீரர்களைச் சுமந்தன.

தெரிந்து தெளிவோம்

பகலில் எழும் புகையும் இரவில் ஒளிரும் உலைநெருப்பும் இருப்பிடத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுக்கும். ஆகவே நீராவி எந்திரங்கள் போர்முனைக்குச் சற்றுத் தொலைவிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சிறிய பெட்ரோல் எந்திரங்கள் பெட்டிகளை இழுத்துச் சென்றன.

போருக்குப் பின்

அமைதி திரும்பியதும் இவ்வெந்திரங்கள் விற்கப்பட்டன. வேல்சு நாட்டின் மலைப்பாதைக்குச் சென்ற 590 ஆம் எண் எந்திரம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. ஒரு போருக்காகப் பிறந்தது மற்றொரு போரின்போது மறைந்தது. 778 ஆம் எண் எந்திரமோ இந்தியாவிற்கு வந்து, உத்தரப் பிரதேசத்தின் கத்தௌலியிலுள்ள சர்க்கரை ஆலையில் உழைத்தது. எறிகணை சுமந்த எந்திரம் இங்கு இனிப்பின் ஆக்கத்திற்குத் துணைநின்றது. ஓய்வுபெற்ற பின் இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சீரமைக்கப்பட்டு, லெய்டன் பசார்டு குறும்பாதையில் மீண்டும் ஓடியது. அப்பாதையே 1919 இல் போரில் எஞ்சிய பொருள்களைக் கொண்டு மணல் ஏற்றிச்செல்ல அமைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

பாதுகாத்தலின் பொருள்

பழைய எந்திரத்தை ஓடச்செய்ய வேண்டுமாயின் தேய்ந்த உறுப்புகளை மாற்றியாக வேண்டும். மாற்றாது விட்டால் அது அசையாத காட்சிப்பொருளாகவே நிற்கும். உறுப்புகளைக் காப்பதா, இயக்கத்தைக் காப்பதா என்னும் வினா பாதுகாப்பாளர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. ஓடும் எந்திரம் அதை இயக்கும் கைத்திறனையும் அடுத்த தலைமுறைக்கு அளிக்கிறது. ஓடாத எந்திரம் அதைச் செய்தவர்களின் கைத்தடத்தைச் சிதையாமல் காட்டுகிறது. இரண்டும் தேவையே. இத்தகைய பழைய எந்திரங்கள் இழுக்கும் பெட்டிகளில் மகிழ்ந்து பயணம் செய்வோர், அத்தகைய பெட்டிகளில் ஒருகாலத்தில் குருதி தோய்ந்து கிடந்த இளைஞர்களையும் நினைவிற்கொள்ளும்போதே பாதுகாத்தலின் பயன் நிறைவுறும்.