மேப்பை நம்பலாமா?

கேள்வி: பேரிடர் சமயத்தில் என்ன செய்வதென்று எங்கள் பள்ளியில் ஒரு கையேடு இருக்கிறது. ஆசிரியர்களைத் தயார்படுத்த அது போதாதா?

பதில்: ஜப்பானின் இஷினோமாகி நகரில் ஓகாவா தொடக்கப் பள்ளியிலும் கையேடு இருந்தது. 2011 மார்ச் 11 அன்று பூமி குலுங்கியதும், குழந்தைகளை மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். அதுவரை சரி. அடுத்து எங்கே போவது? 'காலி இடம், பூங்கா' என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைத்திருந்தது கையேடு. பள்ளிக்குப் பின்னாலேயே மலை. இருந்தும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மைதானத்திலேயே பேச்சு நீண்டது. 74 குழந்தைகளும் ஆசிரியர்கள், ஊழியர்கள் 10 பேரும் சுனாமிக்குப் பலியானார்கள்.

சுனாமி அபாய மேப்பில் அந்தப் பள்ளி பாதுகாப்பான பகுதியில்தான் இருந்தது! அந்த மேப் சரிதானா என்று பள்ளியே முன்கூட்டி ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2018-ல் செண்டாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

அதே நாளில் கமாய்ஷி நகரில் நடந்தது வேறு. பேராசிரியர் கடாடா தோஷிடாகா அங்குள்ள பள்ளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, 'முன்கூட்டிப் போட்ட கணக்கை நம்பாதே' என்பதுதான். உனோசுமாய் பகுதி மாணவர்கள், குறித்து வைத்திருந்த இடத்துக்கு ஓடினார்கள். அங்கே மலைச்சரிவு இடிந்துகொண்டிருந்தது. உடனே இன்னும் மேலே ஏறினார்கள். பிறகு அதற்கும் மேலே. சுனாமி வந்தபோது ஆசிரியர்களோடு இருந்த மாணவர்கள் அத்தனை பேரும் தப்பினார்கள்.

ஆகவே கையேடு வேண்டும், ஆனால் போதாது. அடுத்த ஒத்திகையில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வழியை அடைத்துவிடச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நடத்தினால் இன்னும் நல்லது; மற்றவர்களும் முடிவெடுக்கப் பழகுவார்கள்.