இரட்டை கார்புரேட்டருக்கு ஒரு லெவல் டியூப்: வீட்டிலேயே செய்ய 12 குறிப்புகள்

கார்த்திகை ஞாயிறு அன்று சோளிங்கர் மலையடிவாரக் கூட்டத்தில் முதல் கியரில் ஊர்ந்தால் இரட்டை கார்புரேட்டர் வண்டியின் குறை வெளியே வந்துவிடும். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய இன்ஜின் இங்கே திக்கும், உதறும், ஸ்லோ ஸ்பீடு நிற்காது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு திறக்காதது இதற்கு முக்கியமான காரணம். அதைச் சமன் பார்க்கும் கருவியைச் சில நூறு ரூபாயில் நாமே செய்துகொள்ளலாம்.

1. முதலில் வண்டியைப் பாருங்கள். புல்லட், ஸ்ப்ளெண்டர் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு இது தேவையில்லை. 2018இல் வந்த இன்டர்செப்டர் 650க்கு இரண்டு சிலிண்டர் உண்டு, ஆனால் அது ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். சர்வீஸ் சென்டர் வேலை. கைனெடிக் விற்ற ஹியோசங் காமெட் 250, பழைய இறக்குமதி வண்டிகள் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இரட்டை கார்புரேட்டர் வண்டிகளுக்கே இந்தக் கருவி.

2. ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. எஸ்கார்ட்ஸ் 1983 முதல் தயாரித்த அந்த வண்டி டூ ஸ்ட்ரோக். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்குங்கள். இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். ஒன்று பிந்தினால் அதன் கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

3. வாங்க வேண்டியவை: 6 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான பிவிசி குழாய் 5 மீட்டர், ஒன்றேகால் மீட்டர் மரச்சட்டம், தையல் இஞ்ச் டேப், மீன் தொட்டிக்குப் போடும் ஏர் வால்வு இரண்டு, மூடியுள்ள சிறிய கண்ணாடி பாட்டில் இரண்டு, எம்-சீல்.

4. குழாயின் நடுப்பகுதியைச் சட்டத்தில் ‘ப’ வடிவில், ஒவ்வொரு காலும் 1 மீட்டர் உயரம் வரும்படி கிளிப் அடித்து நிறுத்துங்கள். நடுவே இஞ்ச் டேப்பை ஒட்டுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் போலத்தான் இதுவும்: இருபக்கமும் சமமாக இழுத்தால் மட்டம் அசையாது.

5. நிறமுள்ள 2டி ஆயில் ஊற்றுங்கள். இரண்டு கால்களிலும் பாதி உயரம் நிற்க சுமார் 30 மில்லி போதும். தண்ணீர் வேண்டாம், இன்ஜினுக்குள் போனால் கேடு. எண்ணெய் கொஞ்சம் போனாலும் புகைந்து தீர்ந்துவிடும்.

6. பாதரசத்தைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி நஞ்சு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது பாதரச மாசால்தான். பாதரசத்தில் 1 செ.மீ. காட்டும் வித்தியாசம், எண்ணெயில் 15 செ.மீ.க்கு மேல் தெரியும். நுணுக்கம் பார்க்க எண்ணெயே மேல்.

7. குழாயின் இரு முனைகளும் இன்ஜினுக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு பாட்டிலைச் சேருங்கள். மூடியில் இரண்டு துளை போட்டு, குழாய்களைச் செருகி, எம்-சீலால் அடையுங்கள். எண்ணெய் தப்பி வந்தால் பாட்டிலில் தங்கும். தண்ணீர் பாட்டில் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உதவாது, இழுவையில் நசுங்கிவிடும். பாட்டிலுக்குப் பிறகு ஏர் வால்வுகளைப் பொருத்துங்கள். மட்டம் துடிக்காமல் நிற்கும்.

8. சமன் பார்க்கும் முன் வால்வு கிளியரன்ஸ், பிளக், ஏர் ஃபில்டர் மூன்றையும் சரிசெய்யுங்கள். இவை கெட்டிருந்தால் குழாய் காட்டும் மட்டத்தை நம்ப முடியாது.

9. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே, ரப்பர் மூடியோ சிறு ஸ்க்ரூவோ அடைத்த வேக்குவம் துளைகள் இருக்கும். குழாய்களை அங்கே மாட்டுங்கள். அவற்றில் ஒன்றிலிருந்து பெட்ரோல் டேப்புக்கு ஹோஸ் போனால் அதைக் கழற்றி முனையை அடைத்து, டேப்பை ‘பிரைம்’ நிலைக்குத் திருப்புங்கள். சூடான இடத்தில் பிவிசி உருகும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் கிடைக்கும் தோல் வெட்டுத் துண்டு ஒன்றை இடையில் வையுங்கள்.

10. வேலையைத் திறந்த வெளியில், அதிகாலையில் வையுங்கள். வேலூர் வட்டார வெயிலில் நின்ற இடத்திலேயே ஓடும் ஏர்கூல் இன்ஜின் சீக்கிரம் கொதித்துவிடும். முன்னால் ஒரு ஃபேன் இருக்கட்டும். மூடிய ஷெட்டில் புகை உயிருக்கே ஆபத்து.

11. வால்வுகளை மூடிவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் இரண்டையும் சேர்த்து மெல்லத் திறங்கள். எண்ணெய் ஏறும் பக்கத்தில் இழுவை அதிகம். அந்தப் பக்க கார்புரேட்டர் குறைவாகத் திறந்திருக்கிறது. பேலன்ஸ் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று மட்டும் திருப்பி, ஒருமுறை ரேஸ் கொடுத்துவிட்டு மட்டத்தைப் பாருங்கள். சில மேனுவல்கள் 2 செ.மீ. பாதரசம், அதாவது எண்ணெயில் 30 செ.மீ. வரை வித்தியாசத்தை அனுமதிக்கின்றன. நீங்கள் 3 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் தாராளம். பிறகு ஸ்லோ ஸ்பீடை வையுங்கள்.

12. சந்தேகம் வந்தால் இன்ஜினை நிறுத்தி, இடது வலது குழாய்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். முன்பு ஏறிய அதே காலில் எண்ணெய் மறுபடி ஏறினால் கோளாறு கருவியில். எங்கோ காற்று கசிகிறது. முடிந்ததும் இன்ஜினை நிறுத்திய பிறகே குழாயைக் கழற்றி, துளைகளை இறுக மூடி, பெட்ரோல் டேப் ஹோஸை மறக்காமல் மாட்டுங்கள்.

மட்டம் சமமாக நின்றும் வண்டி திக்கினால், மேற்கொண்டு ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். அடைத்த பைலட் ஜெட்டையும் வெடித்த ரப்பர் மேனிஃபோல்டையும் பாருங்கள்.