லேண்ட்ரோவரின் உறுதி எத்தகையது?

தோட்டப்புறத்தில் வளர்ந்தோருக்கு லேண்ட்ரோவரை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு காலத்தில் துரைமாரின் வண்டியாக விளங்கிய அது, கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளைச் சுமந்து சேற்றுப் பாதையில் இறங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். “அதற்கு அழிவே இல்லை” என்பார்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, செம்பனைக் குலையோ காய்கறியோ ஏற்றிப் பிழைக்க எண்ணுவோர் அப்பேச்சைச் சற்று ஆராய்வது நலம்.

1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதலாகக் காட்டப்பட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால், மேற்கூட்டை அலுமினியக் கலவையால் செய்தனர். அது துருப்பிடிப்பதில்லை. ஆகவே வண்டி முழுவதுமே துருப்பிடிக்காது எனப் பலர் நம்பிவிட்டனர். ஆனால், பாரத்தைத் தாங்கும் சேசிஸ் எஃகினாலானது. பெட்டிபோல் உள்ளே வெற்றிடம் கொண்டது. சேறும் ஈரமும் அதனுள் தங்கினால் துரு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சாயம் மின்னும். உள்ளே எலும்பு உளுத்திருக்கும். எஃகோடு ஒட்டிய இடங்களில் ஈரம் பட்டால் அலுமினியமும் அரிபடும். மழை மிகுந்த நம் நாட்டில் இது சிறு குறையன்று.

பழைய வண்டிகளில் பின் அச்சுத் தண்டும் பலவீனமானதே. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, பள்ளத்தில் சிக்கிய சக்கரத்தை முரட்டுத்தனமாகச் சுழற்றினால் அது முறிந்துவிடும். எனினும் முறிந்த தண்டை உருவிவிட்டு, முன் சக்கரங்களின் வலுவிலேயே மெல்ல வீடு வந்து சேரலாம். புதுத் தண்டைச் செருகப் பெரிய பட்டறை தேவையில்லை. இவ்வாறு பழுதை எளிதில் நீக்க முடிந்ததே இவ்வண்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது என்பது நம் கருத்து. அப்பழைய அமைப்பில் வந்த டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றது. 2019-இல் அதே பெயரில் வெளியான புதிய வண்டிக்குத் தனிச் சேசிஸே கிடையாது. மின்னணுக் கருவிகளோ ஏராளம். ரப்பர் மரத்தடியில் ஸ்பேனரால் திருத்தக்கூடிய வண்டியன்று அது.

ஜப்பானிய வண்டிகள் மட்டும் விதிவிலக்கா? டொயோட்டாவின் லேண்ட்குரூசர் ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலை நீர்மின் திட்டப் பணியில் உழைத்துப் பெயர் பெற்றது. ஆயினும் அதே நிறுவனத்தின் சில பிக்கப் வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்ததால் அமெரிக்காவில் வழக்கு எழுந்து, 2016-இல் பெருந்தொகைக்குச் சமரசம் ஏற்பட்டது.

இன்னொன்றையும் ஓட்டுநர்கள் கருத வேண்டும். நான்கு சக்கரங்களையும் இஞ்சின் சுழற்றுவது வண்டி ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. நனைந்த செம்மண் இறக்கத்தில் இவ்வண்டியும் காரைப் போலவே வழுக்கும். உயரமானதாகையால் வளைவில் எளிதில் கவிழவும் கூடும். பின்புறத்தில் ஆள்கள் நின்றிருந்தால் அபாயம் இன்னும் அதிகம். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும்.

பழைய வண்டியை வாங்கச் செல்வோர் சாயத்தையும் இருக்கையையும் பார்த்து மயங்காமல், கையில் சிறு சுத்தியலுடன் வண்டியின் அடியில் படுத்துச் சேசிஸைத் தட்டிப் பார்க்கட்டும். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் இடம் உளுத்த இடம். பின் சக்கரங்களை அடுத்த பகுதியில் அதை முதலில் தேடலாம்.