போன்பீபியின் எல்லைக்கோடு

கொலை நாவல் என்றவுடன் துப்பறியும் நிபுணரும், கடைசி அத்தியாயத்தில் அகப்படும் குற்றவாளியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. போலந்து நாட்டு ஓல்கா தோகார்ச்சுக் 2009-இல் எழுதிய நாவலொன்றில், சிற்றூர் வேட்டைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். கொன்றவை விலங்குகளே என்று வாதாடுகிறாள் ஒரு கிழவி. அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ஹங்ரி டைட்’ (2004) இதற்கு நேர்மாறானது. இங்கே விலங்குகளின் பெயரால் மனிதர் கொல்லப்படுகின்றனர்.

கதை தொடங்கும் இடம் நமக்கு அயலானதன்று. நம் மாணவர் பலர் மின்ரயிலில் கடந்து செல்லும் டாகுரியா நிலையமே அது. கனாய் என்பவன் அங்கிருந்து சுந்தரவனத் தீவொன்றுக்குப் புறப்படுகிறான். அவன் தாயின் சகோதரியை மணந்த நிர்மல், இறக்குமுன் எழுதிய குறிப்பேடு இருபது ஆண்டுகளுக்குமேல் கழிந்து கிடைத்திருக்கிறது. அதுவே இவ்வழக்கின் தடயம். மாண்டவள் குசும் என்னும் ஏழைப்பெண், இடம் மரிச்ஜாப்பி, காலம் 1979 மே.

குசும் கற்பனை, மரிச்ஜாப்பி கற்பனையன்று. தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்டிருந்த கிழக்கு வங்க அகதிகள் 1978-இல் அத்தீவை அடைந்து, குடில் கட்டி வாழத் தலைப்பட்டனர். காப்புக்காட்டில் குடியேறலாகாது என்றது அரசு. 1979 ஜனவரியில் போலீஸ் படகுகள் தீவை வளைத்துக்கொண்டன. உணவு செல்லும் வழி அடைபட்டது. மே மாதத்தில் குடில்கள் எரிந்தன. அரசு கூறிய இறப்புக்கணக்கு மிகச் சிறிது. தப்பியவர்கள் கூறுவதோ நூற்றுக்கணக்கில்.

இக்கொலைக்கு அருகிலேயே ஆசிரியர் ஒரு நாட்டுக்கதையை வைக்கிறார். அரபு நாட்டிலிருந்து வந்தவளென்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் போன்பீபி, காட்டில் ஒரு பகுதியைப் புலியுருக்கொள்ளும் தக்கிண ராயனுக்கும், மற்றதை மனிதருக்கும் வகுத்தளிக்கிறாள். தோனா என்னும் வணிகன் தேனுக்கும் மெழுகுக்கும் ஆசைப்பட்டு, ஏழை விதவையின் மகன் துக்கேயைப் புலிக்கு இரையாகத் தீவில் விட்டுச் செல்கிறான். இதுவும் ஒரு கொலைக்கதைதானே! சிறுவன் கூவி அழைக்க, தேவி வந்து காக்கிறாள். புலி தன் தந்தையைக் கவ்வியபோது குசும் அழைத்தாள்; தேவி வரவில்லை.

நாட்டார் யாவரும் இயற்கையின் சாந்தமான காவலர் என்னும் இனிப்புப் பேச்சு இந்நாவலில் இல்லை. ஊருக்குள் புகுந்த புலியைக் கூட்டம் தீயிட்டுக் கொல்கிறது. குசுமின் மகன் ஃபோகிர் அதைத் தடுக்கவில்லை. எல்லை கடந்து வந்த புலி சாவை நாடியே வந்தது என்கிறான். அப்படியாயின் மரிச்ஜாப்பியில் எல்லை கடந்தவர் யார்? அங்குக் கோடு கிழித்தவள் போன்பீபி அல்லள், ஓர் அரசாணை. இவ்விரு கோடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் வழக்கின் முடிச்சு பிடிபடுகிறது.

குசும் எவ்வாறு இறந்தாள் என்பதை ஆசிரியர் நேரில் காட்டவில்லை. படகோட்டி ஹோரேனின் வாய்மொழியாகவே அறிகிறோம். இதைக் குறை என்பார் உண்டு. விசாரணையே காணாத கொலைக்கு வேறென்ன சாட்சியம் இருக்க முடியும்? தாக்குதலுக்குமுன் நிர்மல் அவளுடனேயே தங்கிவிடுகிறார். ஹோரேனின் படகு இரண்டைச் சுமந்துகொண்டு தீவை நீங்குகிறது: அந்தக் குறிப்பேடு ஒன்று, போன்பீபி கதை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லவல்ல, எழுத்தறியாச் சிறுவன் ஃபோகிர் மற்றொன்று.